நிரம்பவே நிரம்பாத பற்றரி

ஜீப்பின் பின்னால் கொளுவி இழுத்துப்போய்த் தங்க எங்களிடம் இருக்கும் அதே குட்டி டிரெய்லரின் விலை குறைந்திருக்கிறதாம், வாங்கலாமா என்று கொட்டாஞ்சேனை நண்பன் கேட்டிருந்தான். அவனுக்குச் சொல்வதை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

படுக்கை, சமையல் மேசை, கூரை எதிலும் எனக்குக் குறை இல்லை. கித்துல்கல தாண்டி ஹட்டன் ஏறும் வளைவுகளில்கூட ஆடாமல் பின்னால் வரும். அந்தச் சேசியைச் செய்தவர் கைக்குத் தங்கக் காப்பே போடலாம். என் எரிச்சல் ஒன்றே ஒன்றுதான்: டிரெய்லரின் பற்றரி சார்ஜ் ஆகாது.

வெள்ளவத்தையிலிருந்து தம்புள்ளை, ஹபரணை வழியாக நிலாவெளி போய்ச்சேர ஆறேழு மணித்தியாலம். அவ்வளவு நேரமும் ஜீப் சார்ஜ் கொடுத்துக்கொண்டுதான் வருகிறது. ஆனால் இரவுச் சாப்பாடு முடிவதற்குள் ஃபிரிட்ஜ் நின்றுவிடும், வாங்கி வைத்த மீன் நாறும். விற்ற இடத்தில் கேட்டால், “பற்றரி போச்சு, புதுசு போடுங்கோ” என்றார்கள். போட்டோம். அதற்கும் அதே கதி. பற்றரி விற்கத் தெரிந்த அவர்களில் ஒருவருக்குக்கூட வோல்ட் மீற்றர் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

பஞ்சிகாவத்தையில் ஒரு வயரிங் பாஸ்தான் பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டு ஜீப் பற்றரியில் மீற்றரை வைத்தார்: 14.2 வோல்ட். டிரெய்லர் பற்றரியில் வைத்தார்: 12.7. “பற்றரியில பிழை இல்ல தம்பி, எல்லாத்தையும் வயர் சாப்பிடுது.” ஜீப்பையும் டிரெய்லரையும் இணைக்கும் ஏழு முள் பிளக்கைத் திருகிக் கழற்றினார். எர்த் முள்ளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, கடற்காற்றின் வேலை. அதற்குப் பின்னால் போனது வெறும் 1.5 சதுர மில்லிமீற்றர் வயர். விளக்கு எரிக்கத்தான் அது காணும்.

கணக்கு எளிது. அந்தத் தடிப்பில் ஒரு மீற்றர் நீள வயருக்குச் சுமார் 12 மில்லி ஓம் தடை. போக வர 16 மீற்றர், 8 அம்பியர் ஓடினால் ஒன்றரை வோல்ட் வழியிலேயே தொலைகிறது. ஈய அமிலப் பற்றரி நிரம்ப 14 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். 12.7இல் அது காலம் முழுக்க அரைவயிறுதான். அப்படியே கிடந்தால் தகடுகளில் சல்பேற் படிந்து இறுகி, புதுப் பற்றரியும் செத்துப்போகும்.

10 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்து, பிளக்கை மாற்றி, எர்த் போல்ற்றின் அடியில் பெயின்றைச் சுரண்டி இறுக்கினார். இப்போது அதே 8 அம்பியருக்குக் கால் வோல்ட்கூடக் குறைவதில்லை. விடியும்வரை ஃபிரிட்ஜ் ஓடுகிறது, மீன் மீனாகவே இருக்கிறது. கூரையில் உள்ள சோலர் பனல் மரநிழலில் நிறுத்தினால் பெரிதாக உதவாது, அதை நம்ப வேண்டாம்.

நண்பனின் வேன் புதுசு. அப்படிப்பட்ட பல வண்டிகளில் சொந்தப் பற்றரி நிரம்பியதும் கம்ப்யூட்டரே வோல்ட்டைக் குறைத்துவிடும். அவனுக்கு வயர் மட்டும் போதாது, குறைந்த வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜரும் வேண்டியிருக்கும்.

இவ்வளவு நல்ல டிரெய்லர்தான், இருந்தாலும் என் பதில் ‘வேண்டாம்’. இலட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு செப்புக் கம்பியில் மிச்சம் பிடித்தவர்களுக்கு இன்னொரு ஆளைப் பிடித்துக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மீறி வாங்குவதென்றால் மல்டிமீற்றரோடு போகட்டும். எஞ்சின் ஓட, உள்விளக்கும் ஃபிரிட்ஜும் போட்டபடி இரண்டு பற்றரிக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் காட்டினால், புது வயரிங் செலவைக் கழித்துவிட்டு விலை பேசட்டும்.