பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறதா? 18,400 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்றுதான் உண்மை தெரிந்தது, ராத்திரி தூக்கமே இல்லை. கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த உதறலுக்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

போன மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போனோம். இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவுக்கும் பிரேக்கிலேயே கால் வைத்து வந்தேன். செகண்ட் கியரில் இறங்கியிருக்க வேண்டும், அது என் தப்புதான். அடிவாரத்தில் கருகின வாடை. சேலம் தாண்டி 90-இல் வரும்போது டோல்கேட்டுக்கு முன்னால் பிரேக்கை அழுத்தினால் ஸ்டியரிங் கையில் கடகடவென்று உதறுகிறது. காலை எடுத்தால் ஒன்றுமே இல்லை.

சென்னை வந்ததும், ஆப்பில் புக் பண்ணினால் வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போவார்களே, அந்த வகை சர்வீஸில் விட்டேன். "பிரேக் பிடித்தால் மட்டும்" என்று இரண்டு தடவை சொன்னேன். மத்தியானம் சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினார். சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் லோயர் ஆர்ம், அதிலுள்ள ரப்பர் புஷ்ஷைக் கம்பியால் நெம்பிக் காட்டுகிறார். "பாருங்கண்ணா, எவ்வளவு பிளே. குழந்தைங்க வர்ற வண்டி, ரிஸ்க் எடுக்காதீங்க." அந்த வார்த்தையில் விழுந்தேன். பின் சீட்டில் கிடந்த என் மகளின் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. ரப்பர் புஷ்ஷைக் கம்பி போட்டு நெம்பினால் அசையாமல் என்ன செய்யும்?

லோயர் ஆர்ம் இரண்டு, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டு, வீல் அலைன்மென்ட், பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது), கூலி எல்லாம் சேர்த்து 18,400. ஜிபேயில் உடனே அனுப்பினேன். அன்றைக்குச் சாயங்காலமே வண்டலூர் தாண்டிப் பிரேக் பிடித்தேன், அதே உதறல்!

போன் போட்டால், "புது பார்ட்ஸ் செட் ஆகணும்ண்ணா, 500 கிலோமீட்டர் ஓட்டுங்க." ஓட்டினேன். அப்புறம் "டயர் தேஞ்சிருக்கும்." அப்புறம் "நம்ம ஊர் ரோடு அப்படித்தானே." பழைய பார்ட்ஸைக் கேட்டால் ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். ஆப்பில் போட்ட புகாரை "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். யாருக்குத் தீர்ந்தது? என் 18,400 தான் தீர்ந்தது.

நேற்று தாம்பரத்தில் ஒரு பழைய மெக்கானிக் அண்ணனிடம் போனேன். முன் சக்கரத்தைக் கழற்றினார், சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க் மேல், ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றினார், அவ்வளவுதான். இடது டிஸ்க்கில் 0.12 மில்லிமீட்டர் ஆட்டம். பொதுவாக 0.05-க்குள் இருக்க வேண்டுமாம். பிரேக் பேடை டிஸ்க் மேல் அழுத்தும் காலிப்பரின் பின் வேறு இறுகிக் கிடக்கிறது, அந்தப் பக்கம் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. சூடான டிஸ்க்கில் பேடு பொருள் திட்டுத்திட்டாக ஒட்டி, தடிமன் ஒரே சீராக இல்லாமல் போனதால்தான் பிரேக்கில் மட்டும் உதறலாம். டிஸ்க் ஜோடி, பேடு, டிஸ்க் பொருந்தும் ஹப்பில் துரு சுரண்டியது, பின்னுக்குக் கிரீஸ், எல்லாமே 6,200. உதறல் போய்விட்டது. அங்கே கொடுத்த 18,400-க்கு யாரும் டிஸ்க்கைப் பார்க்கக்கூட இல்லை.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. பிரேக் பிடித்தால் மட்டும் ஸ்டியரிங் உதறினால் முதலில் முன் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் தொடாமலே 80, 90-இல் உதறினால் பேலன்சிங். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், சீவிய பிறகும் அதற்கு மேல் இருக்கும் என்றால் லேத்தில் சீவினாலே போதும் என்கிறார் அண்ணன். வீல் நட்டை ஏர் கன்னில் கண்டபடி இறுக்க விடாதீர்கள். பழைய பார்ட்ஸைக் கையில் வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள். வீடியோவை நம்பாதீர்கள்.

நாளைக் காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டு நுகர்வோர் புகார் கொடுக்கப் போகிறேன். பில்லைத் தேடி எடுக்க வேண்டும்.