லேப்ல மெத்தட மாத்திட்டு வாயே திறக்கல, கிட்னி மாத்துனவங்க கொஞ்சம் பாத்துக்கோங்க

எனக்கு கிட்னி மாத்தி நாலு வருஷம் ஆகுது, புது கிட்னிய உடம்பு ஒதுக்காம இருக்க டாக்ரோலிமஸ் மாத்திரை சாப்பிடுறேன், ரத்தத்துல அதோட லெவல் எப்பவும் 6-ஐ ஒட்டியே நிக்கும், டாக்டர் எனக்குன்னு வச்ச கணக்கு 5-லேர்ந்து 7. மூணு மாசம் முன்னாடி வழக்கம்போல காலை டோஸ் போடாம மாத்திரைய பாக்கெட்ல வச்சுக்கிட்டுப் போயி, ராத்திரி டோஸ் போட்டு சரியா 12 மணி நேரத்துல, எப்பவும் போற அதே லேப்ல ஊதா மூடி ட்யூப்ல ரத்தம் குடுத்தேன். 7.9னு வந்துச்சு. வயித்துப்போக்கு இருந்துச்சா, ஆன்டிபயாடிக் எதாவது எடுத்தீங்களான்னு டாக்டர் கேட்டார், ஒண்ணுமே இல்ல. டோஸ குறைச்சார். அடுத்த தடவ 5.8, அப்பாடான்னு இருந்தோம், பாத்தா கிரியேட்டினின் (கிட்னி சரியா வேலை செய்யலன்னா ரத்தத்துல ஏறுறது) 1.1-லேர்ந்து 1.5-க்கு ஏறி உக்காந்திருக்கு.

டாக்டர் பழைய ரிப்போர்ட்டையும் புதுசையும் பக்கத்துல வச்சு, அடில எறும்பு சைஸ்ல இருக்குற வரிய விரல வச்சுப் படிச்சார். லெவல எந்த முறைல அளந்தாங்கன்னு போட்டிருக்கற வரி அது, பழசுல எல்சி-எம்எஸ்/எம்எஸ், புதுசுல சிஎம்ஐஏ. மறுநாள் காலைல ஒரே ஊசில ரெண்டு ட்யூப் எடுத்து, ஒண்ணு அதே லேபுக்கு, இன்னொண்ணு எல்சி-எம்எஸ் பண்ற இடத்துக்கு அனுப்புனோம். அதே லேப்ல 5.7, எல்சி-எம்எஸ்ல 4.2, அதாவது டாக்டர் வச்ச கணக்குக்குக் கீழ. ஒரே ரத்தம்ங்க!

விஷயம் என்னன்னா, சிஎம்ஐஏ ஆன்டிபாடிய வச்சு மருந்தப் புடிக்கிற முறை, கல்லீரல் மருந்த உடைச்சதுல வர்ற சில மெட்டபொலைட்டும் மருந்து மாதிரியே இருக்கறதால அதையும் சேத்துப் புடிச்சிரும், அதனால நம்பர் பெரும்பாலும் கூடத்தான் காட்டும். எவ்வளவு கூடும்ங்கறது ஆளுக்கு ஆள் மாறும், அதனால இவ்ளோ கழிச்சுக்கோன்னு கணக்கும் போட முடியாது. எல்சி-எம்எஸ்ல மருந்த தனியா பிரிச்சு, அதோட மாலிக்யூல் எடைய வச்சு அளக்கறாங்க. இதே வேலைக்கு சைக்ளோஸ்போரின்ங்கற மருந்து எடுக்கறவங்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் பெருசா வரலாம். சிஎம்ஐஏ மோசம்னு நான் சொல்லல, ரிசல்ட் சீக்கிரம் வரும், நிறைய பெரிய சென்டர்லயே அதான் ஓடுது, ஆரம்பத்துலேர்ந்து அதுலயே பாத்து வந்திருந்தா எனக்கு இந்தப் பிரச்சனையே இல்ல. நடுவுல சொல்லாம மாத்துனாங்க பாருங்க, அதுதான் வயிறு எரியுது.

இப்ப டோஸ ஏத்தி கிரியேட்டினின் 1.2-க்கு இறங்கியிருக்கு. லேப்ல போய் கேட்டேன், கவுன்டர்ல இருந்த பொண்ணு "டெஸ்ட் அதேதான் சார், மெஷின் மட்டும்தான் புதுசு"ங்குது. மேனேஜர கூப்பிடச் சொன்னா அவர் வந்து அந்த எறும்பு எழுத்த காட்டி "அதான் ரிப்போர்ட்லயே போட்டிருக்கோமே"ன்னாரு.