கோலா பேட்: பேட் சுமார், பெயின்டர் அருமை

1980-களின் வீட்டுக் கணினியான கமடோர் 64-ல் படம் வரைய, கோலால் தொட்டு வரையும் பலகையான கோலா பேட் தேடுபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம்: இந்த ஜோடியில் உயர்ந்த சரக்கு கோலா பெயின்டர் என்ற படம் வரையும் மென்பொருள்தான். பேட் அதற்குத் துணை, அவ்வளவே.

1983-ல் வந்த இந்தப் பேட்டின் வரையும் பரப்பு ஏறக்குறைய 4 அங்குலச் சதுரம். மேலே இரண்டு பொத்தான்கள். ஜாய்ஸ்டிக் போர்ட் 1-ல் செருகினால் வேலை செய்யும். கோல் எங்கே பட்டிருக்கிறது என்பதை அளப்பது ஒலிக்கான சிட் சிப். குறுக்கே ஓர் எண், நெடுக்கே ஓர் எண், இரண்டும் 0 முதல் 255 வரை. திரையோ 160-க்கு 200 பிக்சல். கணக்குப்படி தாராளம். ஆனால் கோலை அசைக்காமல் பிடித்திருந்தாலும் அந்த எண்கள் ஒன்றிரண்டு முன்பின் ஆடும். மெல்லிய கோடு நடுங்குவதற்குக் காரணம் உங்கள் கை அல்ல, இதுதான்.

உள்ளங்கை பரப்பில் பட்டால் புள்ளி வேறெங்கோ நகரும். மணிக்கட்டைச் சட்டத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கோடு முடிந்ததும் முதலில் பொத்தானை விடுங்கள், பிறகு கோலை எடுங்கள். மாற்றிச் செய்தால் அழுத்தம் குறையும் கணத்தில் அளவு தவறி, கோட்டின் நுனி எகிறும்.

பழைய பேட் வாங்குமுன் கணினியின் பேசிக் நிரல்மொழியில் 54297, 54298 நினைவக முகவரிகளிலுள்ள எண்களை பீக் கட்டளையால் படித்து திரும்பத் திரும்ப அச்சிடும் இரண்டு வரி நிரலை ஓடவிட்டு, கோலை விளிம்பிலிருந்து விளிம்புக்கு மெதுவாக இழுத்துப் பாருங்கள். எண்கள் சீராக ஏற வேண்டும், அல்லது சீராக இறங்க வேண்டும். எப்போதும் ஒரே இடத்தில் தாவினால் பரப்பு தேய்ந்திருக்கலாம்; வாங்காதீர்கள். கண்ட இடத்தில் தாவினால் செருகியின் ஊசிகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு இன்னொருமுறை சோதியுங்கள்.

இனி பெயின்டர். கோடு, வட்டம், பெட்டி, நிரப்பல், கண்ணாடிப் பிம்பம் எல்லாம் படங்களாக ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கையேடு இல்லாமலே பழகிவிடும். நிரப்பும்போது எல்லைக்கோட்டில் ஒரு பிக்சல் ஓட்டை இருந்தாலும் நிறம் முழுத்திரையிலும் வழியும். பேட்டில் உருவத்தைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு, நுணுக்கத்தையெல்லாம் ஜூமில் ஒவ்வொரு பிக்சலாக வைப்பதே சரியான முறை.

உண்மையான சோதனை நிறத்தில்தான். திரை 4 பிக்சல் அகலம், 8 பிக்சல் உயரம் கொண்ட 1000 கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. முழுப் படத்துக்கும் பொதுவாக ஒரு பின்னணி நிறம். அது நீங்கலாக ஒரு கட்டத்துக்கு மூன்றே நிறம். நான்காவதை வைத்தால் அதே கட்டத்தில் முன்பு இருந்த ஒன்று மாறிப்போகும். முகம் வரைகிறீர்கள் என்று வையுங்கள்: முடிக்குப் பழுப்பு, தோலுக்கு ஆரஞ்சும் வெளிர்சிவப்பும். கட்டம் நிரம்பிவிட்டது. கண்ணின் வெள்ளைக்கு அங்கே இடமில்லை. கண்ணை இரண்டு பிக்சல் நகர்த்தி, முடி எட்டாத அடுத்த கட்டத்தில் வைப்பதுதான் வழி. பின்னணியாகக் கறுப்பை எடுத்தால் எல்லாக் கட்டத்திலும் நிழலும் வெளிக்கோடும் இலவசமாகக் கிடைக்கும். கட்டங்களைக் குறித்த வரைபடத் தாளில் முதலில் வெளிக்கோடு போட்டுப் பார்ப்பவர்களுக்குத் திருத்தும் வேலை வெகுவாகக் குறையும்.

கமடோரின் பதினாறு நிறமும் போதாது என்பவர்கள் ஒளிர்வைக் கவனிக்கட்டும். திரைப் படத்தை உருவாக்கும் விஐசி சிப்பின் பிந்தைய வகைகளில் நீலமும் பழுப்பும் ஒரே ஒளிர்வு. சிவப்பும் அடர்சாம்பலும் அப்படியே. ஊதாவும் ஆரஞ்சும் அப்படியே. இந்த ஜோடிகளை வரிக்கு வரி மாற்றி வைத்தால் பிஏஎல் என்ற ஒளிபரப்பு முறையில் இயங்கும் பழைய டிவியில் கலந்து புது நிறமாகத் தெரியும். இன்றைய தட்டைத் திரையில் வெறும் கோடுகளாகத்தான் நிற்கும். அந்தக் காலப் படங்களைக் குழாய்த் திரையில் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஒரு படம் 10,003 பைட்: நினைவகத்தில் ஏற்றும் முகவரிக்கு 2, பிக்சல்களைக் குறிக்கும் பிட்மேப்புக்கு 8000, நிறங்களுக்கு இரண்டு ஆயிரம், பின்னணிக்கு 1. வட்டில் 40 பிளாக் (சேமிப்புத் துண்டு) பிடிக்கும். கமடோரின் 1541 வட்டியக்கியில் போடும், 664 பிளாக் உள்ள வட்டில் 16 படங்கள். வேறு நிரலிலிருந்து கொண்டுவந்த படம் பெயின்டரின் பட்டியலில் தெரியவில்லையென்றால் கோப்பைச் சந்தேகிக்காதீர்கள், பெயரைப் பாருங்கள். அது 129 என்ற குறியீட்டெண்ணில் தொடங்கி, அடுத்து ‘பிக்’ (PIC) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு இருக்க வேண்டும்.