குட்டிகளைப் பராமரிக்கப் பயிற்சி: கெங்கேரியா, பன்னேர்கட்டாவா, நம்ம ஊர்க் காடா?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் விலங்கியலோ கால்நடை மருத்துவமோ படிக்கிறவர்கள் பயிற்சி என்றதும் முதலில் நினைப்பது யானைக்குட்டியைத்தான். காரணமும் இருக்கிறது. 2017இல் தேன்கனிக்கோட்டைப் பக்கம் தாயை இழந்து தெப்பக்காடு யானை முகாமுக்குப் போன ரகு என்ற குட்டியை நாடே அறியும். ஆனால் வேலை கற்றுக்கொள்ள யானை சரியான இடம் இல்லை. தாயில்லாத யானைக்குட்டிக்கு இரவு பகலாகச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டும். அது ஒரே காவடியை (பாகனுக்கு உதவியாளர்) நம்பித்தான் குடிக்கும். ஆள் மாறினால் குடிக்காது, பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிற்றுப்போக்கு, நீரிழப்பு. 2023 மார்ச்சில் பென்னாகரம் பக்கம் கிணற்றில் விழுந்த குட்டி, தாயோடு சேர்க்க முடியாமல் தெப்பக்காடு கொண்டுபோகப்பட்டு, அந்த மாத முடிவிலேயே இறந்துபோனது. அனுபவசாலிகள் கையிலேயே இப்படி என்றால் பயிற்சிக்கு வந்தவர் கையில் யார் புட்டியைக் கொடுப்பார்கள்? காட்டுக்குள் நுழையவே வனத்துறை அனுமதி வேண்டும். ஒகேனக்கல் முதலை மறுவாழ்வு மையம் பக்கத்திலேயே இருந்தாலும், அங்கே பால் புகட்டும் வேலை கிடையாது.

மிச்சம் இரண்டு. ஓசூரிலிருந்து ஆனேக்கல், ஜிகனி வழியாகப் போகிற தூரத்தில் பன்னேர்கட்டா கரடி மீட்பு மையம். பெங்களூரின் மறுகோடியில் கெங்கேரியில் காட்டுயிர் மருத்துவமனை.

பன்னேர்கட்டாவில் இருப்பவை பெரும்பாலும் ஆட்டம் காட்டப் பழக்கப்பட்டு மீட்கப்பட்ட கரடிகள். இவற்றைக் காட்டில் விடமுடியாது. ஆயுசு முழுக்கப் பராமரிப்புதான். அதனால் வேலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்: கஞ்சி காய்ச்சுவது, பழம் நறுக்குவது, கூண்டு கழுவுவது, மரக்கட்டை ஓட்டைக்குள் தேன் தடவி வைப்பது, நடத்தையைக் குறித்து வைப்பது. கரடியைத் தொட முடியாது. பெரிய விலங்குகளைக் கையாளும் ஒழுங்கு, நடத்தை ஆய்வு என்று போகிறவர்களுக்கு இது நல்ல இடம்.

குட்டி வளர்க்கக் கற்க வேண்டுமென்றால் கெங்கேரிதான். கோடைக் காற்றுமழையில் கிளை முறிந்து கூடு விழும்போது அணில்குட்டியும் பறவைக்குஞ்சும் வந்து குவியும். அப்போதுதான் வேலை கைக்குப் பழகும்.

அணிலுக்கு முறை இதுதான். முதலில் சூடு. உடம்பு குளிர்ந்திருக்கும் குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காமல் செத்துப்போகும். பெட்டியின் பாதிக்கு மட்டும் அடியில் ஹீட்டிங் பேட். சூடு அதிகமானால் மறுபாதிக்கு நகர இடம் வேண்டும். பிறகு ஓ.ஆர்.எஸ்., அதன்பின் குட்டிகளுக்கான பால் பொடி. பசும்பால் கூடாது, வயிறு போய்விடும். அளவு, உடல் எடையில் சுமார் 5 சதம்: 20 கிராம் குட்டிக்கு ஒரு வேளைக்கு 1 மில்லி. 1 மில்லி சிரிஞ்சில் வெதுவெதுப்பாக, குப்புற வைத்து, சொட்டுச் சொட்டாக. மல்லாத்தினாலோ வேகமாக அழுத்தினாலோ பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். மூக்கில் நுரை தெரிந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்த வேண்டும். கண் திறக்காத குட்டிக்கு ஒவ்வொரு வேளையும் ஈரப்பஞ்சால் அடிப்பகுதியைத் துடைத்துவிட்டால்தான் சிறுநீர் வரும். தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதுவது சலிப்பான வேலைதான். ஆனால் குட்டி மோசமாகிறது என்பதை முதலில் சொல்வது அந்த நோட்டுதான்.

பருந்து, ஆந்தைக் குஞ்சுக்கு எலும்பில்லாத இறைச்சி மட்டும் போட்டால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து கால் வளைந்துவிடும். மைனாக் குஞ்சுக்குப் பகல் முழுக்க அரை மணிக்கு ஒருமுறை தீனி. பேச்சு, கொஞ்சல் கூடாது. மனிதரோடு ஒட்டிவிட்டால் வெளியே விட்டும் பயனில்லை.

கெங்கேரிக்குக் குறையும் உண்டு. ஓசூரிலிருந்து தினமும் போய்வந்தால் அலைச்சல். காலைத் தீனிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அங்கேயே அறை எடுக்க வேண்டும். சாவும் நிறைய பார்க்க வேண்டிவரும். பன்னேர்கட்டாவில் இந்தச் சோதனை குறைவு.

விண்ணப்பிக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: தேறிய குட்டியை எங்கே, எப்படி விடுகிறீர்கள், இரவுத் தீனி யார் பொறுப்பு, குட்டியோடு படம் எடுக்கலாமா? கடைசிக் கேள்விக்கு 'தாராளமாக' என்று பதில் வந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். எங்கே சேர்ந்தாலும் வெறிநாய்க்கடி முன்தடுப்பூசி அவசியம்: 0, 7, 21 அல்லது 28ஆம் நாள். ஏப்ரலில் சேர நினைப்பவர் மார்ச் முதல் வாரத்திலேயே முதல் ஊசி போட்டாக வேண்டும்.