கௌரவ டாக்டர் பட்டம் வாங்கித் தர்ற சர்வீஸ்: ஒரு ஸ்டார், அதுவும் பேப்பருக்காக

எங்க மாமாவுக்காக கூடவே இருந்து பார்த்த சர்வீஸ் இது, பேரு வேணாம், இதே மாதிரி நிறைய பேர் நடத்துறாங்க. "உங்கள் சேவையைப் பாராட்டி கௌரவ டாக்டர் பட்டத்துக்குத் தேர்வு செய்துள்ளோம்"னு மெசேஜ் வரும், யாரு தேர்வு பண்ணாங்க எதுக்குன்னு கேட்டா பதில் வராது, ப்ராசஸிங் ஃபீஸ் கட்டுற லிங்க் மட்டும் உடனே வந்துரும்.

ஃபார்ம்ல பேரு, போட்டோ, கவுன் சைஸ் கேட்டாங்க, என்ன வேலை பாக்குறீங்கன்னு கேக்கவே இல்ல. "துறை"ன்னு ஒரு லிஸ்ட் இருந்துச்சு, அதுல மெக்கானிக்னு எதுவும் இல்லாததால "சமூக சேவை"ய தட்டிவிட்டோம். மனுஷன் மோட்டார் ரிப்பேர் பண்றவரு, ஓடுற மோட்டார் மேல ஸ்க்ரூடிரைவர் முனைய வச்சு பிடிய காதுல ஒட்டிக்கிட்டு எந்தப் பக்க பேரிங் போயிருக்குன்னு சொல்லிருவாரு, கழட்டிப் பார்த்தா அதேதான். இதப்பத்தி சர்டிபிகேட்ல ஒரு வரி இருந்திருந்தாகூட காசு போனா போகுதுன்னு விட்டிருப்பேன். மேடையில இவருக்கு முன்னாடி போனவர் கையிலயும் அதே வாசகம்தான், பேரு மட்டும் வேற, அதுலயும் இவரோட இனிஷியல் தப்பு.

நியாயமா சொல்லணும்ல, பேப்பர் நல்ல தடிமன், தங்கக்கலர் சீல் பளபளன்னு இருக்கு. கவுன திருப்பி வாங்கிக்கிட்டாங்க.

பட்டமே வேஸ்ட்னு சொல்ல வரல, ஆபரேஷன் பண்றவரு என்ன படிச்சிருக்காருன்னு நானும் பார்க்கத்தான் செய்வேன், அங்க யாரோ உக்காந்து அவர சோதிச்சிருக்காங்க. இங்க சோதிச்சது பேங்க் பேலன்ஸ. ஃப்ரீமன் டைசன் கடைசி வரைக்கும் பிஹெச்டி முடிக்காமலே இயற்பியல்ல பெரிய ஆளு, 2002ல வேதியியல் நோபல் வாங்குன கொயிச்சி தனாகா ஒரு கம்பெனி இன்ஜினியர், கையில இருந்தது இளநிலை பட்டம்தான். ரஷ்யக் கணித மேதை பெரல்மான் 2006ல, அந்தத் துறையோட பெரிய விருதான ஃபீல்ட்ஸ் மெடலையே வேணாம்னுட்டாரு, அதுக்காக அவர் போட்ட நிரூபணம் தப்பாயிருச்சா என்ன?

இதெல்லாம் மாமாகிட்டயும் சொன்னேன். "எல்லாரும் பேருக்கு முன்னாடி ஏதோ ஒண்ணு போட்டுக்கறாங்கடா"ன்னாரு. அந்த ஒரு ஏக்கத்துலதான் இவங்க பொழப்பே ஓடுது. இப்போ "சர்வதேச விருது"க்கு அப்கிரேட் பண்ணச் சொல்லி மெயிலா வந்து குவியுது, அன்சப்ஸ்கிரைப் பட்டன அமுக்கினா மறுபடியும் பேமெண்ட் பக்கத்துக்கே போகுது.