ஃப்ளைவீலை இலேசாக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பெங்களூரு ஜே.சி. ரோடு பக்கம் யாராவது காரின் ஃப்ளைவீலை (எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம்) லேத்தில் கடைந்து இலேசாக்கித் தருகிறேன், பதினைந்து குதிரைத்திறன் கூடும் என்று சொன்னால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். ஃப்ளைவீலின் எடை குறைவதால் எஞ்சினின் திறன் ஒரு துளியும் கூடாது. அதைச் சுழற்றி எழுப்பச் செலவாகும் ஆற்றல் மிச்சமாகும், அவ்வளவுதான். முதல் இரண்டு கியரில் எஞ்சின் சட்டென்று வேகம் பிடிக்கும். ஐந்தாம் கியரில் சீராகப் போகும்போது வித்தியாசமே தெரியாது.

என் பழைய மாருதி எஸ்டீமுக்கு அந்தச் சுறுசுறுப்பே போதும் என்றுதான் இந்த வேலையைக் கேட்டேன். "நாம் எல்லாம் ஒரே ஊர்க்காரர்கள், உங்களிடம் போய் ஏமாற்றுவேனா அண்ணா?" என்றார் கடைக்காரர். விளிம்பில் இரண்டு கிலோ கடைந்து, டைனமிக் பேலன்ஸிங் (சுழலவிட்டு எடை ஏற்றத்தாழ்வைச் சரிசெய்வது) செய்து, புது கிளட்ச் பிளேட்டுடன் பூட்டித்தர 18,000 ரூபாய்.

திரும்பி வந்த வண்டி, எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டினாலே கியர் கம்பி முதல் ஸ்டியரிங் வரை உதறியது. சில்க் போர்டு நெரிசலில் கிளட்சை விடும்போதெல்லாம் அணைந்தது. "இலேசான ஃப்ளைவீல் அப்படித்தான் அண்ணா, போகப்போகப் பழகிவிடும்" என்றார். பாதி உண்மை கலந்த பதில் இது. நின்ற இடத்தில் எஞ்சின் சற்றுத் தடுமாறுவது இயல்பு. இந்த உதறல் இயல்பல்ல.

வேறு மெக்கானிக்கை வைத்து கியர்பாக்ஸை இறக்கி, பீன்யாவில் லேத் பட்டறை நடத்தும் பெரியவரிடம் ஃப்ளைவீலைக் கொண்டுபோனேன். "தம்பி, இது பேலன்ஸிங் இயந்திரத்தைப் பார்த்ததே இல்லை" என்றார். கனமான பக்கத்தில் எடையெடுக்க இடும் துளை புதிதாக ஒன்றுகூட இல்லை. இயந்திரத்தில் ஏற்றியதும் அவர் சொன்னது உறுதியானது.

கடைந்த இடமோ அதைவிட மோசம். விளிம்பில் ரிங் கியர் (ஸ்டார்ட்டர் மோட்டார் பிடித்துச் சுழற்றும் பல்வளையம்) இருப்பதால் அங்கே வேலை நிதானமாகச் செய்யவேண்டும். அந்த வம்பே வேண்டாம் என்று நடுப்பகுதியையும் கிளட்ச் உரசும் முகத்தையும் சீவியிருக்கிறார்கள். எஞ்சின் சட்டென்று வேகம் பிடிக்க உதவுவதில், மையத்திலிருந்து 12 செ.மீ. தள்ளி எடுக்கும் ஒரு கிலோ, 6 செ.மீ.யில் எடுக்கும் நான்கு கிலோவுக்குச் சமம். ஆக, கேட்ட பலனும் இல்லை; வெப்பத்தைத் தாங்கவேண்டிய தடிமனும் போயிற்று. இது வார்ப்பிரும்பு. 26 செ.மீ. குறுக்களவுள்ள ஃப்ளைவீலின் விளிம்பு, 6,000 சுற்றில் மணிக்குச் சுமார் 290 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் வெடித்தால் துண்டுகள் கியர்பாக்ஸ் கூட்டைப் பிளந்துகொண்டு ஓட்டுநரின் கால்பக்கம் வரும்.

பழைய சாமான் கடையில் கடையாத ஃப்ளைவீல் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டேன். இந்த வேலையைச் செய்யக் கொடுப்பவர்கள், கடைவதற்கு முன்னும் பின்னும் உங்கள் கண்ணெதிரே எடைபோடச் சொல்லுங்கள். மிச்ச ஏற்றத்தாழ்வு எத்தனை கிராம் என்று பேலன்ஸிங் அறிக்கை கேளுங்கள். பில்லில் ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். என் பில்லில் 'லேபர்' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவுசெய்தபோது, பணம் அனுப்பிய ரசீதும் பீன்யா அறிக்கையும்தான் கைகொடுத்தன.