பென்சில் ஜெட்டா, விசிறி ஜெட்டா? கண்ணாடி கழுவும் பிரஷ்ஷுக்கு எது சரி

கோவையில் கார் ஷோரூம், கல்யாண மண்டபம், மூன்று நான்கு மாடி ஆஸ்பத்திரி என்று கண்ணாடி முகப்பு வைத்த கட்டடங்களைக் கழுவிக் கொடுப்பது எங்கள் தொழில். சாரம் கட்டுவதில்லை, கயிற்றில் தொங்குவதில்லை. தரையில் நின்றபடியே கார்பன் ஃபைபர் போலை நீட்டினால், அதன் உச்சியில் பிரஷ், பிரஷ்ஷுக்குள் தண்ணீர் பீய்ச்சும் ஜெட். போல் பற்றியும் பம்ப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிறவர்கள்கூட இந்த ஜெட்டைக் கண்டுகொள்வதில்லை. விரல் நுனி அளவுச் சாமான்தானே என்ற அலட்சியம். டிரம்மில் இருக்கும் தண்ணீர் மதியம் வரை தாங்குமா, காய்ந்த பிறகு கண்ணாடியில் கோடு தெரியுமா என்பதெல்லாம் அந்த விரல் நுனிச் சாமான் கையில்தான் இருக்கிறது. இரண்டு வகையையும் சில வருடங்களாக மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

பென்சில் ஜெட் தண்ணீரை ஒரே தாரையாக நேரே அடிக்கும். துளை 1.4, 1.6, 2 மி.மீ. என்று கிடைக்கிறது. விசிறி ஜெட் தண்ணீரைத் தட்டையாக விரித்து அடிக்கும். சாதாரண பிரஷ்ஷில் இரண்டு ஜெட் போதும்; நீளமான பிரஷ்ஷில் நான்கு வைப்பார்கள்.

எதை வாங்குவது என்று கேட்டால் நான் முதலில் கண்ணாடியைத்தான் பார்க்கச் சொல்வேன். கொஞ்சம் தண்ணீர் அடித்துவிட்டுச் சும்மா நின்று கவனியுங்கள். தண்ணீர் மெல்லிய ஏடாக விரிந்து ஒரே சீராக இறங்கினால் பென்சில் ஜெட் தாராளம். பிரஷ்ஷைக் கண்ணாடியிலிருந்து சற்று விலக்கி, மேல் விளிம்பில் தாரையை ஒரு முறை ஓட்டினால் போதும், மிச்சத்தை அதுவே கழுவிக்கொண்டு வந்துவிடும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நின்றால் கதை வேறு. தாரை விழுந்த இடத்தில் மட்டும் ஒரு ஓடை போல இறங்கும்; பக்கத்தில் நிற்கிற அழுக்குத் துளிகளை அது தொடவே தொடாது. அங்கே விசிறி ஜெட் போட்டு, பிரஷ்ஷைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்தபடியே அலசி இறக்க வேண்டும். புதுக் கட்டடங்களில், அதிலும் ஓரத்தில் சிலிக்கோன் பசை பூசிய கண்ணாடிகளில், இந்தத் தொல்லை அதிகம். மாதாமாதம் பிரஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அதே கண்ணாடி மெல்ல மெல்லத் தண்ணீரைப் பிடிக்க ஆரம்பிக்கும். அதனால் ஒரு கட்டடத்துக்கு இன்று விசிறி போட்டீர்கள் என்றால் அடுத்த வருடமும் அதுவே வேண்டும் என்று கட்டாயமில்லை.

அப்புறம் காற்று. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரே ஊர் இருப்பதால் வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை மேற்கே இருந்து வீசும் காற்றைப் பற்றிக் கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விசிறி ஜெட்டின் துளிகள் பொடி. பத்து மீட்டர் உயரத்தில் பாதித் தண்ணீர் கண்ணாடியைத் தொடாமலே பக்கத்து கார் மேல் போய் விழும். தண்ணீர் வீணாவது ஒரு பக்கம், கார்க்காரரிடம் பேச்சு வாங்குவது இன்னொரு பக்கம். ஆடி மாதத்தில் நான் விசிறி ஜெட்டைத் தொடுவதே இல்லை. தண்ணீர் ஒட்டாத கண்ணாடியாக இருந்தாலும் பென்சில் போட்டு நிதானமாக இரண்டு முறை அலசிவிடுவேன்.

அளவு விஷயத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். விசிறி ஜெட்டின் மேல் 11004 என்று போட்டிருக்கும். முதல் மூன்று எண் விரியும் கோணம், 110 டிகிரி. கடைசி இரண்டு, 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு 0.4 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 1.5 லிட்டர். உரக்கடையில் களைக்கொல்லி அடிக்க விற்கிற தட்டை நாசிலிலும் இதே கணக்குதான்; 02 மஞ்சள், 03 நீலம், 04 சிவப்பு என்ற நிறமும் அங்கிருந்து வந்ததுதான். (மருந்து அடித்த பழைய நாசிலைக் கொண்டுவந்து பிரஷ்ஷில் மாட்டாதீர்கள். அப்படியும் ஒருவர் கேட்டார்.)

அந்த எண் எல்லாம் 40 பிஎஸ்ஐ கணக்கு. நம் பிரஷ்ஷுக்கு அவ்வளவு அழுத்தம் போய்ச் சேராது. மெல்லிய ஹோஸ் கொஞ்சம் தின்றுவிடும். பத்து மீட்டர் ஏறினால் மட்டுமே சுமார் 14 பிஎஸ்ஐ போய்விடும். அழுத்தம் கால்வாசியானால் தண்ணீர் பாதியாகும். 10 பிஎஸ்ஐ மட்டும் போய்ச் சேர்ந்தால் இரண்டு சிவப்பு ஜெட்டும் சேர்ந்தே நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான். வேலைக்கு அது போதும். விரிவுதான் உதைக்கும். 110 டிகிரி முழுதாக விரிந்தால் 5 செ.மீ. தூரத்தில் ஒரு ஜெட் சுமார் 14 செ.மீ. அகலம் நனைக்கும், அழுத்தம் குறைந்தால் விசிறி சுருங்கி, இரண்டு ஜெட்டுக்கும் நடுவே ஒரு பட்டை நனையாமல் நிற்கும். பேட்டரி ஸ்பிரேயரில் இருப்பது மாதிரி சின்ன பம்ப் வைத்திருப்பவர்கள் சிவப்புக்கு ஆசைப்படாமல் மஞ்சள் வாங்குவது நல்லது. துளை சிறுத்தால் அழுத்தம் நிற்கும், விசிறியும் விரியும்.

பென்சிலிலும் அதே கணக்குதான். 2 மி.மீ. துளையை விட 1.4 மி.மீ. துளையின் பரப்பு ஏறக்குறைய பாதி. அதே அளவு தண்ணீரைத் தள்ளினால் இரண்டு மடங்கு வேகத்தில் பாயும். பம்ப் நான்கு மடங்கு அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். வேகம் கூடினால் கண்ணாடியில் மோதித் தெறிக்கும். எனக்குப் பிடித்தது 1.6. முதுகில் மாட்டுகிற 20 லிட்டர் கேனில் வேலை செய்பவருக்கு 1.4 தண்ணீரை மிச்சம் பிடிக்கும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. துடைக்காமல் அப்படியே காயவிடுகிற முறை என்பதால், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்ட வேண்டும். 10க்குள் இருந்தால் ஒப்பேற்றலாம். உப்புக் குறைந்த சிறுவாணித் தண்ணீர் வருகிற பகுதியில் நிரப்பினால், உப்பை உறிஞ்சி எடுக்கும் ரெசின் மணிகள் நெடுநாள் ஓடும். போர் தண்ணீரை ஆர்ஓ இல்லாமல் நேரே ரெசினில் விட்டால் காசுக்குக் கேடு. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் வாட்ச்மேன் கேட்பார்: "ஏனுங்க, இங்கயே பைப் இருக்குதுல்லங்க, எதுக்குங்க டிரம்முல தண்ணி?" ஒரு முறை பையன்கள் அவர் சொன்னதைக் கேட்டு அந்த பைப்பிலேயே சொருகிவிட்டார்கள். கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி. ஜெட் துளையைச் சுற்றியும் வெயிலில் காய்ந்த வெள்ளை வளையம். அந்த உப்பு துளையின் விளிம்பில் துளி ஒட்டினாலும் தாரை நேரே போகாமல் சாய்ந்து போகும். வினிகரில் இரவு முழுக்க ஊறப் போட்டால் விட்டுவிடும். அடைப்பு எடுக்கக் குண்டூசி வேண்டாம், துளை கீறிப் போகும். பல் குச்சி போதும். அடைப்பு என்பது பெரும்பாலும் ஃபில்டரிலிருந்து தப்பி வந்த ரெசின் மணியாகவோ, டிரம்மில் பிடித்த பாசியாகவோ இருக்கும்.

தேய்மானத்தில் ஜெட்டை விட பிரஷ்தான் முதலில் போகிறது. நார் படுத்துவிட்டால் பிரஷ் கண்ணாடிக்கு நெருங்கி வரும்; விசிறிக்கு விரிய இடம் இருக்காது, பாதி நாரிலேயே அடித்து ஒழுகும். பென்சிலுக்கு இந்தத் தொந்தரவு குறைவு. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பென்சில் என்று நான் சொல்வதற்கு இதுவும் காற்றும்தான் காரணம்.

பிரஷ் வாங்கும்போது ஜெட் மரை போட்டுத் திருகுவதா, அழுத்திச் செருகுவதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செருகும் வகை, குளிர்ந்த காலையில் ஹோஸ் விறைத்திருந்தால் இழுபட்டுக் கழன்று விழும். பிளாஸ்டிக் மரையை ஸ்பேனர் போட்டு இறுக்கினால் பிளக்கும்; டெஃப்லான் டேப் ஒரு சுற்று, அப்புறம் கையாலேயே இறுக்கினால் போதும்.